ஜாதகத்தோடு வரிக் கணக்கும்

பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் அமெரிக்க மாப்பிள்ளை என்றால் என்ன கூட்டம், எத்தனை ஏக்கர் தோப்பு என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். போன வருடம் அங்கே வருமான வரி தாக்கல் செய்தாரா என்று கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் மனைவியை அழைத்துக்கொள்ள, அவளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கும் ஐ-864 படிவத்தில் கையெழுத்திட்டு, அண்மை ஆண்டின் வரிக் கணக்கை இணைக்க வேண்டும். பொதுவாக அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானமாவது வேண்டும். குறைந்தால் அங்கேயே வசிக்கும் மாமாவோ நண்பரோ கூட்டுப் பொறுப்பேற்கலாம். ஆனால் அது சாதாரணக் கையெழுத்தல்ல. விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு தீராது. பெண்ணைப் பெற்றவர்கள் அந்தப் படிவத்தின் நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். கிரீன் கார்டு கிடைத்தபின் கணவன் கைவிட்டால், பராமரிப்புக் கேட்டு அவள் அங்குள்ள நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகக்கூடிய ஒப்பந்தம் அது.