ஆற்றோரச் சாலையில் மறிக்கப்படும் பேருந்து

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு அந்தச் சாலை தெரியும். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று தாமிரபரணியை ஒட்டியே போகும். வழியெல்லாம் வாழையும் வயலும். நடுவே ஆதிச்சநல்லூர். தமிழர் தொன்மையைப் பற்றிப் பெருமை பேச அமைச்சர்கள் காரில் வந்து இறங்கும் ஊர்.

அதே ஆற்றுப் படுகையில், 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தேர்வெழுதப் புறப்பட்ட 11ஆம் வகுப்பு தலித் மாணவரை, பேருந்தை மறித்துக் கீழே இழுத்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததைப் பொறுக்காமல் செய்தார்கள் என்றது குடும்பம்.

இதை இரண்டு தரப்பு இளைஞர்களின் தகராறாகச் சுருக்குவதை நாம் ஏற்க முடியாது. தென்மாவட்டங்களில் பேருந்து என்பது வெறும் வாகனமாக இருந்ததே இல்லை. 1995 கலவரம் தொடங்கியதே வீரசிகாமணியில் தலித் மாணவருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் நடந்த வாக்குவாதத்தில்தான். அது ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது வரை போனது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள் ஆதிக்க சாதியினர். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்தது. சாதி வெறியோடு மோதுவதைவிட பெயிண்ட் அடிப்பது சுலபம் அல்லவா!

நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கைக்கயிறு, பெயர், வகுப்பறை பற்றியெல்லாம் விவாதித்தோம். நல்லது. ஆனால் காலை ஏழரை மணிக்கு நிறுத்தத்தில் தனியாக நிற்கும் பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

சட்டம் நம் கையில் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் தோழர்கள் எடுத்துப் படியுங்கள். ஆற்றையோ, பொதுச் சாலையையோ, பொது வாகனத்தையோ நாம் பயன்படுத்துவதைத் தடுப்பது அதில் குற்றம். மூன்றும் ஒரே உட்பிரிவில் வருகின்றன. எனவே வெட்டு விழுந்த பிறகு மட்டும் அல்ல, இருக்கையிலிருந்து எழுப்பும்போதே, சேரி நிறுத்தத்தில் ஏறவிடாமல் மறிக்கும்போதே புகார் கொடுக்கலாம்.

உங்கள் வழித்தடத்தில் எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது, எந்த நேரத்தில், எத்தனை நாள் என்று ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். வண்டி எண்ணோடு குறியுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.