விஷவாயுவை மோப்பம் பிடிக்கும் வெள்ளி மை

2020 ஆகஸ்டு மாதம் சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு அருகே ஒரு பால் பதனிடும் ஆலையில் அம்மோனியா வாயு கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு மே 7-ந் தேதி அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் கசிந்த ஸ்டைரீன் 12 பேரைப் பலி கொண்டது. அங்கே அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது.

வாயுவைக் கண்டறியும் கருவி புதியதன்று. வெள்ளீய ஆக்சைடைச் சூடாக்கி வைத்தால் வாயு பட்டதும் அதன் மின்தடை மாறும் என்பதை வைத்து ஜப்பானைச் சேர்ந்த டாகுச்சி 1962-ல் காப்புரிமை கோரினார். சமையல் வாயுக் கசிவை அறிவிக்கும் பெட்டிகள் பல இந்த வழியில் வந்தவையே. ஆனால் சில நூறு டிகிரி சூடு வேண்டும், மின்சாரம் செலவாகும். சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் சாமான் அல்ல அது.

இப்போது விஞ்ஞானிகள் அதை மையாக்கி அச்சடிக்க முயல்கின்றனர். வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்து, தக்க ரசாயனம் சேர்த்தால் வெள்ளி மிக நுண்ணிய துகள்களாகப் பிரியும். அவை ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க இன்னொரு பொருள் மேலே போர்வை போல் படிய வேண்டும். ஒரு மில்லி மீட்டரில் 10 லட்சம் நானோ மீட்டர். இந்தத் துகள்கள் சில பத்து நானோ மீட்டர்தான். கட்டி வெள்ளி உருக 961 டிகிரி தேவை. இத்துகள்களோ சுமார் 150 டிகிரியிலேயே ஒன்றோடொன்று இணைந்து மின்சாரம் பாயும் கோடாகிவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளில்கூட அச்சடிக்க முடிவது இதனால்தான். விசைத்தறியும் சாயப்பட்டறையும் நிறைந்த நகரியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பற்றி விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகள் ரத்தம் சோதிக்கும் பட்டையும் அப்படி அச்சானதே. வெள்ளிக் கோடுகளின் மேல் தங்கம் அல்லது பல்லேடியத் துகள் கலந்த ஒரு படலம் இட்டால் மோப்ப சக்தி கூடும்.

சங்கடங்களும் உண்டு. காற்றின் ஈரம் கூடினால் கருவி ஏமாந்துவிடும். வீட்டு வெள்ளி விளக்கைக் கறுக்க வைக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, இந்த வெள்ளிக் கோட்டையும் அரிக்கும். சாக்கடைக் குழிகளில் உயிர் குடிக்கும் அந்த வாயு 10 லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மனித மூக்கே மரத்துப் போகும். குழியில் இறங்கி இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அத்தொகையோடு ஒப்பிட்டால் அச்சடித்த பட்டையின் விலை ஒரு பொருட்டா?

ஆராய்ச்சிக் கூடத்துச் சரக்கு வீட்டுக்கு வராது என்போருக்குச் சென்னை ஐ.ஐ.டி. பதில் தந்திருக்கிறது. பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி, தங்க நுண்துகள்களால் குடிநீரிலுள்ள பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியை உருவாக்கி, 2007-லேயே கடைக்கு வரச் செய்தனர். ஆயினும் வடிகட்டியை வாங்கியவர் வீட்டுக்காரர். ஸ்ரீசிட்டியிலோ ஐஸ் பாக்டரியிலோ காண்டிராக்டில் வேலை செய்பவருக்கு இப்பட்டையை வாங்கித் தரவேண்டியவர் முதலாளி. வாங்கினால் மட்டும் போதாது. அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அம்மோனியாவுக்குத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்த 8 மணி நேர வரம்பு 10 லட்சத்தில் 25 பங்கு. கருவி கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று ஷிப்டு தொடங்குமுன் கேட்கத் தொழிற்சங்கங்களுக்கு உரிமை வேண்டும்.