காதை மூட வேண்டாம், கிளினிக்கில் காட்டுங்கள்



தரம் இரண்டில் ஒரு பிள்ளை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. சொல்வதெழுதுதலில் பாதிச் சொல் விடுபடும். கவனமில்லை என்று நாங்கள் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறோம். ஒருநாள் அவிழ்ந்த ஸ்கார்ஃபைச் சரிசெய்யும்போதுதான் கண்டோம். வலது காதின் இடத்தில் சிறு சதைமடிப்பு மட்டும், துவாரமே இல்லை. கர்ப்பத்தில் கிரகணம் பட்டதாம். ஊர்வாய்க்குப் பயந்து உம்மா மறைத்தே வளர்த்திருக்கிறார்.

கிரகணத்தால் காது குறையாது. உம்மாவின் மேல் பிழையும் இல்லை. நபியவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் ஏற்பட்டது. யாருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அது நிகழ்வதில்லை என்று நபியவர்களே தெளிவுபடுத்தினார்கள். நாங்கள்தான் இன்னும் கதை கட்டுகிறோம்.

பிறவியிலேயே காது மடிந்து, நசுங்கி, விரிந்து இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் வாரங்களில் காதுக் குருத்தெலும்பு மிக மென்மையானது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் அச்சு வைத்து ஒட்டினால் பல காதுகள் சத்திரசிகிச்சை இல்லாமலே வடிவத்துக்கு வரும். நாற்பது கழியட்டும் என்று இருந்தால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடும். வீட்டில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

காதே சரியாக உருவாகாத நிலைக்கு மைக்ரோஷியா என்று பெயர். விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது அமைக்கும் சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் 8 முதல் 10 வயதளவில் செய்கிறார்கள். வடிவத்துக்குக் காத்திருக்கலாம், கேள்திறனுக்குக் காத்திருக்க முடியாது. பிறந்த உடனேயே கேள்திறனைப் பரிசோதிக்க வேண்டும். துவாரம் மூடியிருந்தாலும் உட்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தலைப்பட்டியில் அணியும் கருவி, எலும்பு வழியாக ஒலியை உள்ளே சேர்க்கும். கைக்குழந்தைக்கும் அதை அணிவிக்கலாம்.

"அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும்! குறையைச் சீராக்குவது வேறு, அழகுக்காக மாற்றுவது வேறு.

அந்தப் பிள்ளை இப்போது முன்வரிசையில், நல்ல காது எங்கள் பக்கம் இருக்கும்படி அமர்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறது. இரண்டு வருடம் நாங்கள் ஏசியது காது கேளாத பிள்ளையை. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும். உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், வகுப்பாசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.