லெவல் டூ சர்டிபிகேட் இருக்கிறது, சரி. சர்வே மீட்டர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு வந்தவர்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஐயா, பையனைத் திருச்சியில் என்டிடி கோர்ஸ்ல சேர்க்கலாமா? முடிச்சா வெளிநாடு போயிடலாம்கிறாங்க." ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

என்டிடி என்பது வெல்டிங் வைத்த குழாயை அறுக்காமல், உடைக்காமல், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்ததிலிருந்து நம் பக்கத்தில் இதற்குக் கிராக்கி உண்டு. நல்ல தொழில்தான். சேராதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் சாயம் தடவிப் பார்ப்பது, காந்தத் தூள் போட்டுப் பார்ப்பது, ஒலி அலை அனுப்பிப் பார்ப்பது எல்லாம் ஒரு வகை. ரேடியோகிராபி வேறு வகை. அதில் கையாளும் பொருள் ஐரிடியம் 192. கனத்த கவசப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைத்தான் 'கேமரா' என்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் கம்பி நுனியில் இருக்கும் சின்ன சோர்ஸ் வெளியே போய், குழாய்க்குப் பக்கத்தில் நின்று, பிலிமில் படம் எடுக்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வர வேண்டும்.

வராமல் போனால்? அதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. சர்வே மீட்டர் ஒன்றுதான் சொல்லும்.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டில் யனாங்கோ என்ற இடத்தில், நீர்மின் நிலைய வேலையில் இது நடந்தது. கேமராவிலிருந்து கழன்று கிடந்த ஐரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் என்னவென்று தெரியாமல் எடுத்து பேன்ட்டின் பின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அப்படியே வேலை பார்த்தார். பிறகு வீட்டுக்கும் போனார். பிலிமில் படம் விழவில்லை என்று பார்த்த பிறகுதான் சோர்ஸ் காணோம் என்றே தெரிந்தது. அந்த மனிதரின் கால் போய்விட்டது. அவர் ரேடியோகிராபர் அல்ல, பக்கத்தில் வேலை பார்த்தவர். பயிற்சி இல்லாதவன் செய்யும் தப்பு அவனோடு நிற்பதில்லை.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் 1985க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட் 60 கருவியைப் பழைய சாமான் என்று ஏலம் விட்டதுதான் காரணம். கோபால்ட்டின் அரை ஆயுள் ஐந்தேகால் வருடம். 25 வருடத்தில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த ஒரு பங்கே ஆளைக் கொன்றது. பிளஸ் டூ கணக்குதான். போட்டுப் பார்க்க ஆள் இல்லை, அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தில்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில வார கோர்ஸ் முடித்ததும் கொடுக்கும் 'லெவல் டூ' சர்டிபிகேட், படம் எடுக்கவும் பிலிமைப் படிக்கவும் தெரியும் என்பதற்கானது. சோர்ஸைக் கையாளும் அனுமதி அது ஆகாது. இந்தியாவில் காமா ரேடியோகிராபி செய்ய, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றுக்கொண்ட பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். நிறுவனத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கோர்ஸ் விளம்பரங்களில் இந்த வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. சம்பளம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு மனக்குறை. ஒரு பையன் கொண்டுவந்து காட்டிய பாடக்குறிப்பு முழுக்க ஆங்கிலம். தேர்வு எழுதுகிறவன் எப்படியோ மனப்பாடம் செய்துவிடுவான். ராத்திரி சைட்டில் கேபிளைத் தூக்குகிற ஹெல்ப்பருக்கு யார் சொல்வது? பெட்டியைச் சுமப்பவன், கயிறு கட்டுபவன், ஆள் வராமல் பார்த்துக்கொள்பவன், இவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத் தமிழில் ஒரு நாள் பாடம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. கஷ்டமே இல்லை. தூரம் இரட்டித்தால் அளவு கால் பங்கு. ஒரு மீட்டரில் 100 என்றால் பத்து மீட்டரில் 1. விரலால் ஒரு சென்டிமீட்டரில் தொடுவதற்கும் ஒரு மீட்டர் நீள இடுக்கியால் பிடிப்பதற்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். நம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எத்தனை தடவை போட்டிருப்பேன், பின்வரிசைக்கும் புரிந்ததே!

பயிற்சி இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் வால்வு பழுதாகி, ஊழியர்கள் ஆறு பேர் அளவுக்கு மேல் கதிர்வீச்சு வாங்கினார்கள். அவர்கள் தொழில் தெரியாதவர்கள் இல்லை. அந்த இடத்தில் எச்சரிக்கும் மானிட்டர் இல்லை. தெரிந்தவன் கையிலும் கருவி வேண்டும்.

யாரும் பயந்து ஓடவும் வேண்டாம். "நம்ம மலைப்பாறையிலும் கதிர்வீச்சு இருக்காமே" என்று ஒரு மருமகப்பிள்ளை கேட்டார். இருக்கிறது. கிரானைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் துளித்துளி உண்டு. விஜயாலய சோழீச்சரம் போய் வந்தால் ஒன்றும் ஆகாது, தாராளமாகப் போங்கள். (குவாரியில் முகமூடி இல்லாமல் தூசியைச் சுவாசிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அது தனிப் பதிவு.) உலகத்தில் ஒரு மனிதனுக்கு இயற்கையாக வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் கூடாது.

வரம்புக்குள் இருக்கிறோமா என்று தெரிய சட்டையில் குத்தும் பேட்ஜ் இருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அளவு கூடினால் வேலை போய்விடும் என்று பேட்ஜைக் கழற்றி மேஜை டிராயரில் வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தம்பிகளா, டிராயருக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது.

ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் போன மூன்று மாத அளவு எவ்வளவு என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புதிதாகச் சேரப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த விளம்பரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.