வாசலில் ஒரு புதுப் படி

பழைய வீட்டு வாசற்படிகளுக்குக் கீழே புதிதாக ஒரு கான்கிரீட் படி கட்டுவது அற்ப காரியமென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரும் இருந்தால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும் என்பார்கள். முடிந்துவிடும், சந்தேகமில்லை. வீட்டுப் பாட்டி அந்தப் படியில் தடுக்கி விழுவதும், அடுத்த மழைக்குப் படி தனியே பிரிந்து நிற்பதும் பிறகு நடப்பவை.

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையைப் போன்ற ஊர்களில் இவ்விஷயத்தைச் சற்று யோசிக்கவேண்டும். மணற்பாங்கான தரை, ஐப்பசி கார்த்திகை மழை வாசல் மண்ணை அரித்துப் போகிறது. கீழ்ப்படியின் உயரம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. திண்ணை வைத்த வீடுகளில் வயோதிகர்கள் முழங்காலில் கையூன்றி ஏறுகிறார்கள். புதுப் படி அவசியந்தான். ஆனால் எவ்வளவு உயரத்தில்?

நம் கால் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. இரண்டு படி இறங்கியதும் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். மூன்றாவது படி அதற்கு மாறாக இருந்தால் இடறும். மேற்படிகள் 6 அங்குல உயரமும் கீழ்ப்படி தரையிலிருந்து 12 அங்குலமும் இருந்தால் அதிர்ஷ்டம்: ஒரு படி சேர்த்தால் எல்லாம் 6 ஆகிவிடும். 9 அங்குலம் இருந்தால்? நாலரையும் நாலரையுமாகப் பிரித்தாலும், ஆறும் மூன்றுமாகப் பிரித்தாலும் கணக்குப்பிள்ளை ஏமாந்துபோவார். அப்போது படியே வேண்டாமென்பது நமது அபிப்பிராயம். வாசல் தரையை 3 அங்குலம் உயர்த்தி, படியடியில் கொஞ்சம் சமதளம் விட்டு, அப்பால் 3 அடி தூரத்துக்குச் சரித்துவிடலாம். சைக்கிளும் சுலபமாக ஏறும். குடியிருப்பு வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு, மேற்படலாகாது என்றும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் 2016-ஆம் வருஷத்துத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்கிறது.

பழைய படிகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவையானால், சிமெண்ட் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளுமென்று நம்பிவிடக் கூடாது. புதுப் படி தன் காலில் நிற்கவேண்டும். ஓரடி ஆழம் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அஸ்திவாரத்திலிருந்தே எழுப்புவது உத்தமம். பழையது கான்கிரீட்டேயானால், அதன் வழுவழுப்பான முகத்தை உளியால் கொத்தி, தூசியைக் கழுவி, நனைத்து, சிமெண்ட் பால் பூசி, அது உலருமுன் புதுக் கலவையைப் போடவேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், இரு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. தண்ணீரைக் குறைவாக விடச் சொல்லுங்கள். கொத்தனார் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

இரும்புக் கம்பி? பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலையே நிறுவினார். ஆனால் அவ்வூர்க் கடற்காற்று இரும்புக்குச் சத்துரு. துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். தரையில் முழுதும் படிந்த சிறு படிக்குக் கம்பி தேவையேயில்லை. போட்டே தீரவேண்டுமானால் அதன்மேல் எப்புறமும் ஏறக்குறைய 2 அங்குலக் கான்கிரீட் மூடியிருக்கட்டும். இனாமாகக் கிடைக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளி வருவதும், உவர்க் கிணற்று நீரில் குழைப்பதும் கூடவே கூடாது. கம்பியில்லாத படியிலும் உப்புப் பூத்து, ஈரம் நிற்கும்.

மேற்பரப்பைத் தெருப்பக்கம் கால் அங்குலம் சரித்து, சொரசொரப்பாக விடவேண்டும். சிவப்புச் சிமெண்ட் மெழுகி மினுக்குவது கூடத்துக்கு அழகு. மழையில் நனையும் படிக்கு அது விபத்து. படி சொந்த மனைக்குள் அடங்கட்டும். சாக்கடை மேல் நீட்டினால் ஒருநாள் இடிக்க ஆள் வருவார்கள்.

பலகையைப் பிரித்த பிறகும், போட்ட நாள் முதல் ஏழு நாள் ஈரச் சாக்கு மூடியே இருக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று நாளாவது வீட்டார் கொல்லைப்புறமாகப் போய்வரட்டும். தபால்காரரிடமும் முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது.