வாசகன் வாய் திறக்கட்டும்

ஒரு நூலைப் படித்தவன், அந்நூல் தன் நெஞ்சில் விளைத்த உணர்வை ஒளிவு மறைவின்றி எடுத்துரைப்பதே திறனாய்வின் முதற்படி. அப்படியில் கால் வைக்காமலேயே மாடியேற முயல்வோர் மலேசியத் தமிழ் இலக்கிய உலகில் பெருகிவிட்டனர். நூல் வெளியீட்டு மேடையில் ஒரு சாரார். வழிகாட்டி நூல் எழுதும் மேசையில் மற்றொரு சாரார். முன்னவர் நூலைப் படியாமலே புகழ்கின்றனர். பின்னவர், மாணவன் நூலைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமற் செய்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நசுங்கி ஊமையாகிப் போனவன் வாசகன்.

வெளியீட்டு விழாவை முதலில் நோக்குவோம். தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை என உரைகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நூல் பெறுவோரின் பெயர்கள் முழங்கும். பொன்னாடைகள் தோள் மாறும். ஆய்வுரை என்ற பெயரில் எழுத்தாளரின் தொண்டும் பண்பும் பாராட்டப்படும். நாவலின் நடுப்பகுதி ஏன் தொய்ந்தது, தலைவியின் முடிவு ஏன் நம்பத்தக்கதாய் இல்லை என்று கேட்பவன் விழாவைக் கெடுக்க வந்தவனாகக் கருதப்படுவான். பொன்னாடை போர்த்தி அனுப்பப்படும் எழுத்தாளன், அடுத்த நாவலிலும் அதே குறையோடுதான் வருவான். அவனுக்கு அது குறையென்று சொன்னவர் யார்?

வகுப்பறையின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. எஸ்.பி.எம். இலக்கியத் தேர்வுக்கு அமரும் மாணவனின் கைக்குக் கதைச்சுருக்கம், கருப்பொருள், பாத்திரப் படைப்பு, படிப்பினை யாவும் சமைத்த உணவாகவே வந்து சேர்கின்றன. அவன் மெல்லவும் வேண்டுவதில்லை, விழுங்கினாற் போதும். தேர்வு முடிந்த மறுநாள் அந்நாவலும் முடிந்தது. தமிழ்ப் புனைகதையோடு அவனுக்கிருந்த உறவும் முடிந்தது. ‘இளைஞர் படிப்பதில்லை’ என்று பின்னர் மேடையேறிப் புலம்புவதாற் பயன் என்ன?

‘தனிமனிதனின் மனப்பதிவு ஆய்வாகுமா? அளவுகோலும் கோட்பாடும் வேண்டாவா?’ என வினவுவோர் உளர். வினா முறையானதே. ஆயின், தமிழ்த் திறனாய்வு வளர்ந்த வரலாற்றையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். க.நா. சுப்ரமண்யம் தேர்ந்த வாசகனின் சுவையுணர்வையே அடித்தளமாகக் கொண்டு நூல்களைத் தரம் பிரித்தார். 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலை அளித்த க. கைலாசபதியோ, சமுதாயப் பின்னணியில் வைத்தே இலக்கியத்தை எடையிட வேண்டும் என வாதிட்டு, அச்சுவைநெறியைக் கடுமையாக மறுத்தார். இருவரும் முரண்பட்டனர், எனினும் இருவரும் நூல்களைப் படித்திருந்தனர். படித்தவர் இருவர் மோதியதால் தமிழ் பயனடைந்தது. படியாதவர் பகரும் கோட்பாடு உமி குத்துவதேயன்றி வேறன்று.

இம்மண்ணிலும் அத்தகைய மரபு இல்லாமற் போகவில்லை. 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் அமைத்துச் சிறுகதைகளை அலசி ஆராயச் செய்தார். குறையை முகத்துக்கு நேரே கேட்கும் துணிவு இளம் எழுத்தாளருக்கு அங்கே வாய்த்தது. பிற்காலத்தில் ரெ. கார்த்திகேசு நாவலாசிரியராகவும் திறனாய்வுக் கட்டுரையாளராகவும் ஒருங்கே விளங்கி அவ்வழியைத் தொடர்ந்தார். ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. இதழ் நிற்கலாம், அது வளர்த்த பழக்கமும் நிற்க வேண்டுமா?

வாசகன் ஊமையானால் இழப்பு எத்தகையது? 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்காக 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அத்துயரை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும் புனைகதையாக்கினர். ‘கருப்பொருள்: சயாம் மரண இரயில் பாதைக் கொடுமை’ என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். எந்தப் பக்கத்தில் அவன் படிப்பை நிறுத்தினான், எந்த இடத்தில் வரலாற்றுச் செய்தி மிகுந்து கதை பின்தங்கியதாக உணர்ந்தான் என்று கேட்பார் இல்லை. கேட்டிருந்தால், தன் குடும்பத்திலும் சயாமுக்குப் போனவர் உண்டா என்று அவன் வீட்டில் வினவியிருப்பான். வழிகாட்டி நூல் வழங்க இயலாத பாடம் அது.

சீ. முத்துசாமியின் ‘மண் புழுக்கள்’ நாவலில் வரும் தோட்டத்துப் பேச்சு புரியவில்லை என ஒருவன் கூறலாம்; ‘இது என் பாட்டியின் குரல்’ என மற்றொருவன் கூறலாம். இரண்டும் மெய்யே. இரண்டையும் ஒரே வகுப்பில் பேசவிட்டால், பேச்சுவழக்கைப் பற்றிய நல்லதொரு பாடம் தானே பிறக்கும்.

ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலுக்கு 2020 டிசம்பரில் அரசு தடை விதித்தது. தடையைச் சரியென்றவரும் உண்டு, தவறென்றவரும் உண்டு. இரு சாராரிடமும் கேட்கத்தக்க வினா ஒன்றே: முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை படித்த பின்னரா பேசினீர்கள்?

மனப்பதிவு என்பது ‘நன்று’, ‘சலிப்பு’ என்னும் ஒற்றைச் சொல் அன்று. எந்த இடத்தில், எதனால் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டும்போதே அது மதிப்புப் பெறுகிறது. ஆகவே ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கது எளிது. விளக்கக் குறிப்பை வழங்குமுன், தாம் உணர்ந்ததை ஒரு பக்க அளவில் மாணவர் எழுதட்டும். முடிவுக்கு மதிப்பெண் வேண்டா; காட்டும் காரணத்துக்கு மதிப்பெண் அளிப்போம். ஆசிரியரின் கருத்தோடு மாறுபடும் மாணவன் அஞ்சாதிருக்கட்டும். வெளியீட்டு விழா நடத்துவோரும், நூலை முழுதும் படித்து அதன் குறையொன்றையேனும் கூறும் ஒருவருக்குக் கால்மணி நேரம் ஒதுக்கட்டும்.

போலிப் புகழுரை எழுத்தாளனுக்குச் செய்யும் உதவி அன்று. அவனைத் தனிமையில் விடும் கொடுமை. தன் எழுத்தை ஒருவன் உண்மையாகவே படித்தான் என்று அறிவதைவிட அவனுக்குச் சிறந்த பொன்னாடை வேறில்லை. அதை வழங்க வல்லவன் வாசகன் ஒருவனே. அவன் வாய் திறக்கட்டும்!