ஓடுவது குதிரையா, ஊசியா?

கொல்லிமலை மக்களுக்குக் குதிரை என்றால் வல்வில் ஓரியின் குதிரைதான். அதற்கும் ஓரி என்றே பெயர் என்று சங்க நூல் சொல்கிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசாங்கமே விழா எடுக்கிறது. விழா நாளில் ஒரு டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, வெளியூரில் சித்தாள் வேலை பார்த்துத் திரும்பிய மலைவாழ் இளைஞர் ஒருவர், ஒரு வாரக் கூலியை ரேஸில் விட்ட கதையைச் சொன்னார். "ஊசி போட்ட குதிரைதான் முந்துகிறதாமே அண்ணா, நிஜமா?" என்று கேட்டார்.

அவருடைய ஒரு வாரக் கூலி கிடக்கட்டும். கேள்வி சரியான கேள்வி.

2017 மார்ச்சில் பெங்களூர் பந்தயத்தில் குவீன் லத்தீஃபா என்ற குதிரை ஜெயித்தது. அதன் சிறுநீரில் புரோகெயின் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. விவகாரம் போலீஸ் விசாரணை வரை போயிற்று. புரோகெயின் என்பது என்ன? முன்பெல்லாம் பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மருந்து. கால் வலிக்கிற குதிரைக்குப் போட்டால் வலி தெரியாமல் ஓடும். வலி என்பது 'நில்' என்று உடம்பு சொல்லும் சொல். அந்தச் சொல்லை அடக்கிவிட்டு ஓட்டினால் எலும்பு முறியும். மேலே இருக்கும் ஜாக்கியின் கழுத்தும் முறியலாம். பென்சிலின் ஊசி ஒன்றில் இதே புரோகெயின் கலந்து வருகிறது என்பதும் உண்மையே. ஆகவே வைத்தியமா, வஞ்சகமா என்று தீர விசாரிக்க வேண்டும். விசாரிப்பது யார்?

இங்கேதான் கூத்து இருக்கிறது! பந்தயம் நடத்துவது கிளப். டோட் வைத்துப் பந்தயப் பணம் வாங்குவது கிளப். புக்கிகளுக்கு இடம் கொடுப்பது கிளப். தவறு நடந்தால் முதல் விசாரணை நடத்துவதும் கிளப்பின் ஸ்டூவர்டு கனவான்களே! சாராயக் கடைக்காரரையே மதுவிலக்கு அதிகாரியாகவும் போட்டால் எப்படி இருக்கும்?

வெளிநாட்டில் எல்லாம் சுத்தம் என்று சிலர் வாதாடலாம். இங்கிலாந்தில் துபாய் மன்னரின் கோடோல்ஃபின் லாயத்திலேயே 2013இல் ஸ்டீராய்டு பிடிபட்டு, டிரெய்னருக்கு எட்டு ஆண்டு தடை விதித்தார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்டோர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. பெயர் பெற்ற டிரெய்னர்கள் இருவர் ஐந்து ஆண்டும் நான்கு ஆண்டும் சிறைத் தண்டனை பெற்றார்கள். அங்கே எஃப்.பி.ஐ. போலீஸ் டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பிடித்தது. பந்தயக் கனவான்கள் தாமாகவே முன்வந்து பிடித்துக் கொடுக்கவில்லை!

நம் மாநிலத்தில் 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. கிளப்புக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட ஆட்டமல்ல, திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், வேகம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் இவற்றை ஆராய்ந்து பணம் கட்டுகிறார்களாம். சரி, தீர்ப்பை ஒப்புக்கொண்டே கேட்கிறோம்: நரம்பில் ஏறிய மருந்தை எந்த ரேஸ் புத்தகத்தில் பார்த்து ஆராய்வது? ஊசியைப் பற்றித் தெரிந்தவன் நாலு பேர். தெரியாமல் கூலியைக் கட்டியவன் நாலாயிரம் பேர். இதில் யாருடைய திறமை ஜெயிக்கிறது? மருந்தை ஒழிக்காதவரை அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்கக் கிளப்புகளுக்கு என்ன யோக்கியதை?

இன்னொன்று. மருந்து பிடிபட்டால் முதலில் சந்தேகம் விழுவது லாயத்தில் படுத்து உறங்கும் குதிரைக்காரர் மேல். சாணி அள்ளி, புல் போட்டு, குதிரையோடு குதிரையாக வாழ்கிறவர் அவர். விலையுயர்ந்த மருந்து வாங்க அவரிடம் ஏது காசு? குதிரை ஜெயித்தால் கோப்பையை வாங்கப் போவது முதலாளி. பழி வந்தால் சுமக்கப் போவது அவரா?

மாதிரி எடுப்பதை அரசாங்கக் கால்நடை டாக்டர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும், குதிரையின் பெயரோடும் முதலாளியின் பெயரோடும், பணம் கட்டும் ஜன்னலருகிலேயே ஒட்ட வேண்டும். மருந்து நிரூபணமானால், அந்தப் பந்தயத்தில் தோற்றவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்குக் கிளப்புகள் சம்மதிக்குமா என்பதை அந்த இளைஞரைப் போலவே நாமும் கேட்கிறோம்.